கன்னியம்மா பவுடர் போடாத கிணறு

திருவொற்றியூர் நகராட்சியில் துப்புரவு வேலை பார்த்த கன்னியம்மாவுக்குப் பிளீச்சிங் பவுடர்மேல் அசையாத நம்பிக்கை. கிருமி என்றால் கொல்ல வேண்டும். இருபது ஆண்டு வேலை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

2003இல் அவருடைய தெருக் கிணற்றில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. பக்கத்தில் ஒரு கம்பெனியின் எண்ணெய்க் குழாய் பூமிக்கடியில் கசிந்திருந்தது. கம்பெனி இல்லவே இல்லை என்றது, ஓசையில்லாமல் குழாயை மட்டும் அடைத்துக்கொண்டது. சிலர் கிணற்றுக்குக் கற்பூரம் காட்டினார்கள், எண்ணெய் மிதக்கும் தண்ணீருக்குப் பக்கத்தில் நெருப்பு.

கல்லூரியிலிருந்து ஆராய்ச்சியாளர் மதி வந்தார். எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணிலேயே உண்டு, காற்றும் உரமும் கொடுத்தால் அவை பெருகித் தின்று தீர்க்கும் என்றார். தினமும் மோட்டார் போட்டுக் காற்று விடவும் யூரியா கரைத்து ஊற்றவும் கன்னியம்மா ஒப்புக்கொண்டார். ஆறு மாதத்தில் எண்ணெய் குறையாவிட்டால் கிணற்றை சிமென்ட் போட்டு மூடிவிடுவதாக நகராட்சி சொல்லியிருந்தது. மூடிவிட்டால் நாற்பது வீட்டுக்கும் லாரித் தண்ணீர்தான். அதுவும் வந்தால்தான் உண்டு.

மூன்றாம் வாரம் கிணற்றுச் சுவரில் வழுவழுவென்று படலம் கட்டியது. அந்த அழுக்கைப் பார்த்ததும் கன்னியம்மாவின் கை தானாகவே ஒரு சட்டி பவுடரை அள்ளி உள்ளே போட்டுவிட்டது. அடுத்த சோதனையில் நுண்ணுயிர் எதுவும் மிஞ்சவில்லை. மதி குழம்பி நின்றபோது கன்னியம்மா மறைக்கவில்லை.

"நான்தான் மதிம்மா கொன்னுட்டேன். கைப் பயக்கம். திரும்ப ஆரம்பிக்கலாமா?"

ஆரம்பித்தார்கள். போன மாதத்தை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

ஐந்தாம் மாதம் பெரிய அதிகாரி ஒருவர் வருவதாகத் தகவல். தெருவோரமெல்லாம் பிளீச்சிங் பவுடரால் வெள்ளைக் கோடு இழுத்தார்கள். மேற்பார்வையாளர் குணசேகரன் கிணற்றிலும் பவுடர் கொட்டச் சொன்னார். கன்னியம்மா மூட்டையை இறக்கிவைத்துவிட்டுக் கிணற்று மேடைமேல் உட்கார்ந்தார்.

"முடியாது சார். அதுங்க உள்ள வேலை செஞ்சிகினுகீதுங்க."

"கிருமிக்கு யூனியன் வெச்சிகீறியா?" என்று குணசேகரன் சிரித்தார்.

"நமக்கு மட்டும் இன்னா பெருசா கீது? மெமோ குடு சார், வாங்கிக்கிறேன்."

மெமோ மறுநாளே வந்தது. குழாயைக் கசியவிட்ட கம்பெனிக்கு ஒரு துண்டுக் காகிதமும் போகவில்லை. துடைப்பம் பிடித்தவரின் விலாசம் மட்டும் தண்டனைக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

ஆறாம் மாத முடிவில் தண்ணீரில் எண்ணெய் வெகுவாகக் குறைந்திருந்தது. குடிக்கக் கூடாது, துவைக்கலாம் என்றார் மதி. கிணற்றை மூடும் பேச்சு நின்றது. அந்தச் சோதனை அறிக்கையை இணைத்துத்தான் கன்னியம்மா மெமோவுக்குப் பதில் கொடுத்தார். விளக்கம் ஒரே வரி: 'உள்ளே உயிர் இருந்தது, அதனால் போடவில்லை.'