இரண்டாம் முறை கேட்காத சமையல்காரர்

போன ஞாயிற்றுக்கிழமை எர்ணாவூரில் மச்சினன் வீட்டில் மதியச் சாப்பாடு. கப்பலில் வேலை பார்க்கும் அவர் மகன் லீவில் வந்திருந்தான். ஒரு கிரேக்கச் சாராயப் பாட்டிலைத் திறந்து, சின்னப் பாத்திரத்தில் ஊற்றி, அடுப்பில் இளஞ்சூடாக்கினான். தேனும் பட்டையும் கிராம்பும் மணத்தன.

"ராக்கோமெலோ" என்றேன்.

"குடிச்சிகிறீங்களா மாமா?"

"மோந்திருக்கேன்."

உண்மை அதுதான். முகர்ந்ததுகூடப் பாட்டிலிலிருந்து அல்ல, அந்தோணியின் வாயிலிருந்து. பையன் நீட்டிய தம்ளரை மறுக்காமல் வாங்கிக்கொண்டேன். மனைவி ஆச்சரியமாகப் பார்த்தாள்.

ராயபுரத்தில், கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, கறி, சோப்பு வரை சப்ளை செய்யும் கம்பெனியில் நானும் அந்தோணியும் ஒரே நாளில் சேர்ந்தோம். நான் ஏற்றிய சரக்கில் ஒரு முட்டைகூடக் குறைந்ததில்லை. (யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.) அந்தோணி உருளைக்கிழங்கு கேட்டால் சேனைக்கிழங்கு ஏற்றுவான். ஆனாலும் கப்பலில் எல்லோருக்கும் அவனைத்தான் பிடிக்கும்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கிரேக்கக் கப்பல் வரும். அதன் சமையல்காரர் பெரிய மீசைக்காரர். முதல் தடவை சரக்கு ஏற்றி முடித்ததும், இந்தத் தேன் சாராயத்தைச் சுடவைத்து எங்கள் இருவருக்கும் நீட்டினார். நான் வேண்டாம் என்று கையசைத்தேன். நம் வீடுகளில் முதல் முறை அப்படித்தானே சொல்வோம்? அவர் மறுபடி வற்புறுத்துவார், நானும் மனமில்லாதவன்போல வாங்கிக்கொள்வேன் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவர் தலையசைத்துவிட்டு என் தம்ளரையும் அந்தோணி முன் வைத்தார். அவன் இரண்டையும் குடித்தான்.

அதற்குப் பிறகு எப்போதும் எனக்குப் பட்டியலில் கையெழுத்து, அவனுக்குத் தம்ளர். திரும்பும் வேனில் என் தோளில் சாய்ந்து, "தொண்டைக்கு இன்னா இதமா கீது தெரியுமா மாமு" என்பான். கிராம்பு மணக்கும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஒருமுறை அந்தோணி துள்ளிக்கொண்டு வந்தான். "நல்ல தேனும் கிராம்பும் கொண்டாந்தா எனக்குன்னு ஒரு பாட்டிலே போட்டுத் தரேன்னுகிறாரு மாமு." கப்பல் மறுநாள் சாயங்காலம் புறப்படுவதாக இருந்தது. அவன் வீட்டுக்குப் போன பிறகு கப்பல் ஏஜெண்ட் போன் செய்தார். எடுத்தது நான். புறப்பாடு காலை பதினொரு மணிக்கே என்று மாற்றியிருந்தார்கள்.

மறுநாள் காலை அந்தோணி மார்க்கெட்டுக்குக் கிளம்பினான். நான் போனைப் பற்றிச் சொல்லவில்லை. "அவசரமில்ல, நல்ல தேனா பாத்து வாங்கு" என்று மட்டும் சொன்னேன்.

ஒரு மணிக்கு, தேன் பாட்டிலும் காகிதப் பொட்டலமுமாகத் துறைமுக கேட்டிலிருந்து திரும்பி வந்தான்.

"போய்ட்ச்சு மாமு. பேஜாராப் பூட்ச்சு. பாதி உனக்குன்னு அவராண்ட சொல்லி வச்சிருந்தேன். நீதான் வாயத் தொறந்து கேக்க மாட்டியே."

எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல். கொடுப்பதிலும் இவனே முந்திக்கொண்டான்.

அந்தக் கப்பல் பிறகு வரவில்லை. கம்பெனி இருந்த இடத்தில் இப்போது டைல்ஸ் கடை. இன்றைய கப்பல்கள் சரக்கை இறக்கிய கையோடு போய்விடுகின்றன; சமையல்காரர்களின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. அந்தோணி இறந்து ஆறு வருடமாகிறது. அந்த போனைப் பற்றி அவனிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் நிற்க இடமில்லை. துறைமுகத்துக்காரர்கள், மீன்காரர்கள், எனக்குத் தெரியாத யார் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். நான் கேட் ஓரமாக நின்று, எனக்கு இதில் பாதிப் பேராவது வருவார்களா என்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.