கூழ்த் தொட்டிக்குப் போகாத புத்தகம்

மோகனூர் சாலையில் நாமக்கல்லைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை, அதற்குள் இரண்டு சட்டை, ஒரு போர்வை. வேலை போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. முட்டை அடுக்கும் அட்டை செய்கிற மில் அது. லோடு லோடாக வரும் பழைய காகிதத்திலிருந்து பிளாஸ்டிக், கம்பி, கிளிப் எல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கூழ்த் தொட்டிக்குள் தள்ளுவது என் வேலை. நான் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு பிளாஸ்டிக் சாக்கு உள்ளே போய்ச் சுற்றிக்கொண்டது. மதியம் வரைக்கும் மெஷின் ஓடவில்லை. தப்பு என்னுடையதுதான்.

"படிக்கோணும்னா பள்ளிக்கூடத்துல இருந்திருக்கோணும். ஏழாவதோட ஓடி வந்துபோட்டு இங்க வந்து படிக்கறயா?" என்றார் சூப்பர்வைசர். ஏழாவது என்பது உண்மை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நடப்பது எனக்குப் பழக்கம். போர் போடும் ரிக் வண்டி, கரும்பு வெட்டு, சுவர் விளம்பரம் எழுதுவது என்று நிறைய இடங்களை விட்டு நடந்திருக்கிறேன். இந்தத் தடவை உறுத்தியது, நான் படித்துக்கொண்டிருந்த புத்தகம். அதைச் சூப்பர்வைசர் பிடுங்கி மேஜையில் வைத்துக்கொண்டார்.

காகிதக் குவியலில் கிடைத்த, அட்டை கிழிந்த தமிழ்ப் புத்தகம் அது. மறுமலர்ச்சிக் காலத்து ஐரோப்பாவில் சிற்றோவியம் எப்படி வளர்ந்தது என்று சொன்னது. கன்றுத்தோலைத் தேய்த்து ஏடாக்குவார்கள். அணில் முடியை இறகின் தண்டில் செருகித் தூரிகை செய்வார்கள். ஜெபப் புத்தகத்தின் ஓரத்தில், நகத்தளவு இடத்தில், ஈயையும் பூவையும் வரைவார்கள். நிறம் ஒட்டுவதற்கு முட்டையின் வெள்ளைக்கரு. நுரைக்க அடித்து, ஒரு ராத்திரி விட்டு, அடியில் தெளிகிற நீரை எடுக்க வேண்டும்.

முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லில் இருந்துகொண்டு அதைச் செய்து பார்க்காமல் இருக்க முடியுமா? விரிசல் விட்ட முட்டையையும் செங்கல் பொடியையும் வைத்து, கூட வேலை பார்த்த அக்காவின் முகத்தை அட்டைத் துண்டு ஒன்றில் கட்டைவிரல் அளவுக்கு வரைந்தேன். "ஆம்லேட்டுப் போட்டிருந்தா வயிறாச்சும் நெறஞ்சிருக்குமுங்க" என்று சிரித்தாள். ஆனால் அந்தத் துண்டை மணிபர்சில் வைத்துக்கொண்டாள்.

புத்தகத்தில் நான் படித்து நிறுத்திய பக்கத்தில் அச்சு இயந்திரம் வந்திருந்தது. புத்தகங்கள் கட்டுக்கட்டாக வெளியே வர, தூரிகைக்காரர்களுக்கு வேலை போய்க்கொண்டிருந்தது. அப்புறம் என்ன செய்தார்கள்? எப்போதோ செத்துப்போனவர்கள்தான். ஆனாலும் அவர்களுக்கு வேறு வேலை கிடைத்ததா என்று தெரியாமல் எனக்கு மனசே ஆறவில்லை.

பின்னால் மொபெட் சத்தம் கேட்டது. அதே அக்கா.

"ஏஞ்சாமி, நடக்கறீங்களா, ஓடறீங்களா? உங்களப் புடிக்கறதுக்குள்ள பெட்ரோலே தீந்துபோகுமாட்ட இருக்குது." சாப்பாட்டுத் தூக்குப்போசி வைக்கும் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினாள். "தொட்டியில போடச் சொன்னாரு. போட்டுட்டனுங்க, பழைய டெலிபோன் புக்கு ஒண்ணு கெடந்துது, அதைய."

"தெரிஞ்சா உங்க வேலையும் போயிருமுங்கக்கா."

"போனா உங்க பொறத்தாலயே நானும் நடந்து வாரேன். ஏறுங்க, பஸ் ஸ்டாண்டுல உடறேன்."

பஸ் ஸ்டாண்டில் வெளிச்சம் இருக்கும்போதே மிச்சத்தைப் படித்து முடித்தேன். எல்லாருக்கும் நல்லபடியாக நடக்கவில்லை. பலர் என்ன ஆனார்கள் என்று புத்தகத்துக்கே தெரியவில்லை. சிலர் அதே தூரிகையோடு கடல் தாண்டி இங்கிலாந்து அரசவைக்குப் போனார்கள். தகப்பனிடம் தொழில் கற்ற ஒரு மகளும் அங்கே சம்பளம் வாங்கியிருக்கிறாள். ஏட்டின் ஓரத்தில் வரைந்த கை மனித முகத்துக்கு வந்தது. மெல்லிய தோலைச் சீட்டுக்கட்டுச் சீட்டில் ஒட்டி, சங்கிலியில் கோக்கும் டாலர் அளவுக்கு ஒரு முகம். கழுத்தில் மாட்டிக்கொள்வார்களாம். கல்யாணம் பேச வேற்று நாட்டுக்கு அனுப்புவார்களாம். எச்சில் தெறித்தால் நிறம் கெடும் என்பதால் வரையும்போது வாயே திறக்க மாட்டார்களாம். அக்காவின் மணிபர்ஸ் ஞாபகம் வந்தது. அவளுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் வண்டியிலிருந்து இறங்கியிருந்தேன். அன்று சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

மறுநாள் காலை, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் போய் நின்றேன்.

"பெயிண்டிங்கா? எல்லாம் ஸ்டிக்கராயிப் போச்சு, தம்பி" என்றார் பெயிண்டர். "சாமி படம், பேரு, பூ, எல்லாமே கம்ப்யூட்டர்ல வெட்டி ஒட்டிப்போடறோம்."

"ஸ்டிக்கர் ஒட்டாத எடம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். "போல்ட்டுத் தலை இருக்குது. அதுல ஸ்டிக்கர் ஒட்டுனா ஒரு மழைக்கே உரிஞ்சுக்கும். குனிஞ்சு உக்காந்து அதுல பூ வரையறதுக்கு ஒருத்தனும் வர மாட்டீங்கறான். பெயிண்ட் ரூமுலயே படுத்துக்கலாம். வளவளன்னு பேசாம வேலை பாக்கோணும்."

"பேச மாட்டேனுங்க."

லாரியின் பக்கப் பலகையில் முதல் போல்ட்டுக்கு எதிரே குந்தினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதன் தலையில் மஞ்சளில் ஐந்து இதழ் வைத்தேன்.