கடைசிச் சொல்லுக்கு முன்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கூலித் தொழிலாளி வீட்டில் பிறந்தவள் செம்மொழி. கூட்டங்களில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, ஒருவர் தமிழில் பேசப் பேசவே அதை ஆங்கிலத்தில் சொல்வது அவள் தொழில்.

ஆரம்பத்தில் சொற்களைப் பிடித்துவைக்கப் பார்த்துத் திணறினாள். பிறகு சொல்லை விட்டுவிட்டு, யார் யாரை என்ன செய்கிறார்கள் என்பதை மட்டும் மனசில் பார்க்கப் பழகினாள். ‘வாய்க்கால் தூர்ந்துபோச்சு’ என்று காதில் விழுந்தால், மண் மூடிய வாய்க்கால் ஒன்று உள்ளே தெரியும். அதைப் பார்த்துத்தான் ஆங்கிலத்தில் பேசுவாள். எண்களும் பெயர்களும் அப்படித் தெரியாது. அவற்றை மட்டும் தாளில் கிறுக்கிக்கொள்வாள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. சம்மதமா மறுப்பா என்பது தமிழில் கடைசிச் சொல்லில்தான் தெரியும். ஆங்கிலத்துக்கு அது முன்னாலேயே வேண்டும். பேசுகிறவரைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான்.

போன வருஷம் தஞ்சாவூரில் ஒரு நிறுவனம் கூட்டம் போட்டது. பூதலூர்ப் பக்கத்து வயல்களை வாங்கிக் கிடங்கு கட்டுவது திட்டம். முதலீட்டாளர்கள் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார்கள். கண்ணாடி அறைக்குள் செம்மொழியும் இன்னொரு மொழிபெயர்ப்பாளனான ராம்கியும் மாறி மாறிப் பேசினார்கள்.

காளியம்மாள் என்ற விவசாயி எழுந்தார். “நீங்க சொல்ற வெலைக்கு, நீங்க குடுக்கிற வேலைக்கு, இந்த நெலத்த நாங்க ஒங்களுக்கு…”

முன்னாலிருந்த நாற்காலியை அவர் இறுக்கிப் பிடித்திருந்தார். செம்மொழி மறுப்பை முதலில் வைத்து ஆங்கிலத்தைத் தொடங்கிவிட்டாள்.

“…தரமாட்டோம்.”

தேநீர் இடைவேளையில் நிறுவனத்தின் மேலாளர் கண்ணாடி அறைக்குள் வந்தார். “அந்தம்மா சொல்லுறதுக்கு முன்னாடியே நீங்க எப்படிச் சொல்லலாம்? யோசிக்கிறாங்கன்னு மாத்திச் சொல்லுங்க.”

“அவங்க யோசிச்சு முடிச்சிட்டாங்க சார்.”

“அப்ப வெளியே போங்க. ராம்கி பாத்துக்குவார்.”

ராம்கி காதிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றினான். “நானும் அதையேதான் சார் சொல்லியிருப்பேன்.”

மொழிபெயர்க்க வேறு ஆள் இல்லை. மேலாளர் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். கூட்டம் மறுபடி தொடங்கியதும் முதலீட்டாளர் ஒருவர், காளியம்மாள் சொன்னதை இன்னொரு தடவை கேட்டார்.

“தரமாட்டோம். எந்த வெலைக்கும் தரமாட்டோம்” என்றார் காளியம்மாள். செம்மொழியின் குரல் கண்ணாடிக்கு வெளியேயும் கேட்டது.

வந்தவர்கள் வேறு இடம் பார்க்கப் போனார்கள். அந்த நிறுவனம் பிறகு செம்மொழியைக் கூப்பிடவில்லை. வலங்கைமான் விவசாயிகள் சங்கம், வெளிநாட்டு நிறுவனம் ஒன்றோடு பேசும் தங்கள் கூட்டத்துக்குக் கூப்பிட்டது. அவர்களிடமும் முதலிலேயே சொல்லிவிட்டாள்: “எதிர்த்தரப்பு பேசுறதையும் கொறைக்காமத்தான் சொல்வேன். சம்மதம்னா வர்றேன்.”

சங்கத் தலைவர் சற்றுத் தயங்கினார். பிறகு, “வாங்க” என்றார்.