பக்கத்து வீட்டுப் பூனைக்கு நான் சொன்ன அரை மாத்திரை

1. பூனையின் காய்ச்சல்
2. என் வைத்தியம்
3. செம்பூரில் பட்ட வெட்கம்

மனிதருக்கும் விலங்குக்கும் பல கிருமிகள் பொது என்று காலையில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை படித்தேன். மருந்தும் பொதுதான் என்று நானே முடிவுகட்டி, பூனைக்கு உடம்பு சுடுகிறது என்று வந்த பக்கத்து வீட்டு லலிதாவிடம், "பூனைக்குப் பாராசிட்டமால் அரை மாத்திரை கொடும்மா" என்றேன்.

கொடுத்தாள். பூனை துப்பிவிட்டது. உடம்புச் சூடு குறையவில்லை என்று டாக்ஸி பிடித்து, செம்பூரில் கால்நடை டாக்டரிடம் போனோம்.

"பூனைக்கு அது விஷம்! யார் கொடுக்கச் சொன்னது?"

"இந்த மாமாதான். தினமும் ஆராய்ச்சியெல்லாம் படிப்பார்," என்றாள் லலிதா.

"நல்லவேளை, பூனை படிப்பதில்லை," என்றார் டாக்டர்.

திரும்பும் வழியெல்லாம் லலிதா பூனையிடம் மட்டுமே பேசினாள்.

திட்ட நினைப்பவர்கள் கீழே பின்னூட்டத்தில் திட்டலாம். கூடவே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மேலே எழுதிய முதல் குறிப்பு, 'பூனையின் காய்ச்சல்', தவறு. பூனையின் உடம்பு எப்போதுமே நம்மைவிடச் சூடாம். காய்ச்சலே இல்லை.