மெருகேற்றிய ஒட்டு

தெப்ராவில் ஒரு பட்டறையில் வெல்டிங்கைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. என் வீட்டுக்காரர் அங்கேயே வெல்டர். இவள் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று பட்டறையில் எனக்குப் பெயர். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

கெலாங் பாத்தாவில் ஒரு சாஸ் தொழிற்சாலைக்கு எவர்சில்வர் தொட்டி செய்தோம். அவர் ஒட்டியதை டார்ச் அடித்துப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மனிதர் முகத்தில்தான் ஈயாடவில்லை.

மாலையில், கார் நெரிசலில் நிற்கும்போது வாயைத் திறந்தார். ஒட்டும்போது காற்றுப் படாமல் காக்கப் பாய்ச்சும் கேஸில், எவர்சில்வருக்கானது பாதியில் தீர்ந்துவிட்டதாம், கேஸ் லாரி வரவில்லையாம். கடைசி ஒட்டுக்கு மட்டும் பக்கத்தில் நின்ற, சாதாரண இரும்புக்கான சிலிண்டரை மாட்டிவிட்டாராம். இரண்டிலும் ஆர்கான்தான். ஆனால் இரும்புக்கானதில் ஐந்தில் ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடு கலந்திருக்கும். எவர்சில்வருக்கு நூற்றில் இரண்டு பங்கு போதும். கூடினால் கரி உலோகத்துக்குள் இறங்கி, ஒட்டு கறுத்து, துருவைத் தாங்கும் சக்தி போய்விடும். கறுப்பை அவர் தேய்த்து மெருகேற்றிவிட்டார். உள்ளே இறங்கியது தேய்த்தால் போகுமா? அந்தத் தொட்டியில் ஊற்றப்போவதோ உப்பும் வினிகரும்.

"மனசு கேக்கல லா. ஒன்கிட்ட மறைக்க முடியல," என்றார்.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். அந்த மாதம்தான் அவரை வெல்டர்களுக்குத் தலைவராக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். இந்த ஆள் பேசாமல் இருந்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் எனக்கே தோன்றியது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மறுநாள் காலை என் கையெழுத்தை நானே அடித்துவிட்டு, காரணம் தவறான கேஸ் என்று எழுதினேன். அவர் ஒட்டை வெட்டியெடுத்து, சரியான கேஸில் மறுபடி ஒட்டினார். வேலை சுத்தமாக வந்தது. ஆனாலும் தலைவர் பதவி வேறொருவருக்குப் போனது. சொந்தப் புருஷன் மறைத்ததையே கண்டுபிடித்தவள் என்று முதலாளி என்னை எல்லார் முன்னாலும் பாராட்டினார். கைதட்டினார்கள். என் வீட்டுக்காரரும் தட்டினார்.

அன்று வீட்டில் சோறு போடும்போது கேட்டார்.

"நான் சொல்லலன்னா கண்டுபிடிச்சிருப்பியா?"

"மாட்டேங்க."

"அத மொதலாளிகிட்ட சொன்னியா?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சாதாரணமாகத்தான் கேட்டார். முதலாளியிடம் நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.