மனைவியின் தொடையில் முறிந்த தகடு

வாசிக்கும் ஐயா, அம்மையீர்,

வெண்ணாற்றுப் படித்துறையில் வழுக்கி விழுந்த என் மனைவியின் தொடை எலும்பை, டைட்டானியக் கலப்பு உலோகத் தகடு வைத்து இணைத்திருந்தார்கள். சில மாதங்களில் அத்தகடு இரண்டாக முறிந்தது. மறுபடி அறுத்து வேறு தகடு பொருத்திய மருத்துவர், "ஊன்றக் கூடாதுன்னு சொல்லியும் காலை ஊன்றியிருக்கீங்க" என்றார். சென்னையிலிருந்து மகனும் தொலைபேசியில், "நடவு நேரத்துல அம்மா கட்டில்ல கிடப்பாங்களா? வரப்புக்குப் போயிருப்பாங்க" என்று சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. "நான் ஊணலைங்க. நீங்களாவது நம்புங்க" என்றாள். நான் நம்பினேன். என் நம்பிக்கை வேறு எவருக்கும் போதுமானதாக இல்லை.

எங்கள் தெருவில் உலோக ஆய்வு செய்யும் மாணவி ஒருத்தி குடியிருக்கிறாள். முறிந்த முகத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் காரணம் புலப்படலாம் என்று கூறி, மருத்துவமனை எங்களிடம் கொடுத்திருந்த துண்டுகளைக் கேட்டு வந்தாள். உடம்பிலிருந்து எடுத்த பொருளை அப்படியே பிறர் கையில் தருவது முறையன்று எனக் கருதிய என் மனைவி, அவற்றைப் புளியும் செங்கற்பொடியும் இட்டுத் துலக்கி, தாம்பாளத்தில் வைத்து நீட்டினாள்.

"ஐயோ பெரியம்மா, குத்துவிளக்கு மாதிரி தேய்ச்சிட்டீங்களே! முறிஞ்ச தடமே போயிருக்குமே."

"அழுக்கோட எப்படிம்மா குடுப்பேன்?"

ஆயினும் அப்பெண் துண்டின் உட்பகுதியை அறுத்து, தாளினும் மெல்லியதாகத் தேய்த்து, அமிலத்தில் மின்சாரம் செலுத்தி மெருகேற்றிப் பார்த்தாள். பிறகு படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். சாம்பல் நிறப் பரப்பில் ஊசி ஊசியாகக் கோடுகள். ஹைட்ரஜன் புகுந்த டைட்டானியத்தில் இவ்வூசிகள் தோன்றும் என்றும், அவை மிகுந்தால் உலோகம் எளிதில் முறியும் என்றும் விளக்கினாள். என் மனைவியின் முகம் மலர்ந்தது.

"அப்ப நான் ஊணலைன்னு தெரிஞ்சிருச்சா?"

அப்பெண் தலை குனிந்தாள். "இல்ல பெரியம்மா. நான் மெருகேத்தும்போதே ஹைட்ரஜன் உள்ள போயிருக்கலாம். இந்த ஊசி முன்னாடியே இருந்துச்சா, நானே உண்டாக்கிட்டேனான்னு சொல்ல முடியல."

மீதித் துண்டை, புதிதாக ஹைட்ரஜன் புகாதபடி கடுங்குளிரில் வைத்து அயனிக் கற்றையால் செதுக்கினால் ஐயம் தீரலாமாம். அக்கருவி அவளிடத்தில் இல்லை. இருக்குமிடத்தில் கேட்டபோது, யாரோ ஒரு வீட்டார் கொண்டுவரும் தகட்டுக்கு நேரம் ஒதுக்க இயலாது என்றார்கள். நான் யாரிடம் போய் முறையிடுவது?

இப்போது நலம் விசாரிக்க வரும் உறவினரெல்லாம், "அவசரப்பட்டு ஊணிட்டீங்களே அக்கா" என்கிறார்கள். அவள் மறுப்பதை நிறுத்திவிட்டாள்; காபி கொண்டுவரச் சொல்லி என்னைப் பார்க்கிறாள்.

அவள் ஊன்றவில்லை. அதற்கு இவ்வெழுத்தைத் தவிர என்னிடம் சான்று ஏதும் இல்லை. தயைகூர்ந்து இதை வைத்திருங்கள்.