மாங்கொப்புக்குப் பின்னால் நின்ற கூட்டம்

2024 மே 8, புதன்கிழமை, இரவு 8.35. அமாவாசை காலையோடு கழிந்திருந்தது. வானத்தில் முகில் இல்லை, காற்றும் இல்லை. சட்டை முதுகில் ஒட்டும் வெக்கை. "அண்ணை, உந்தக் கொப்பு மறைக்குது" என்று என் சகலன் வேலிக்கு அப்பாலிருந்து சொன்னது அப்போதுதான்.

நாங்கள் அக்காளையும் தங்கையையும் மணந்தவர்கள். மாமனார் எட்டுப் பரப்புக் காணியை நடுவால் பிரித்துச் சீதனமாக எழுதியதால், முப்பத்தாறு வருடமாக அருகருகே இருக்கிறோம். தெற்குப் பாதியும் கறுத்தக்கொழும்பான் மாமரமும் எங்களுக்கு. வடக்குப் பாதியும் கிணறும் அவர்களுக்கு. கிணறு அந்தப் பக்கம் போனதை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்த வருடம் தை மாதம் கனடாவிலிருந்து சகலனுடைய மகள் அவருக்கு ஒரு தொலைநோக்கி அனுப்பினாள். அதே மாதம் என் மகன் அனுப்பியது விற்றமின் குளிசை, மூன்று போத்தல்.

முதல் நாள் கார்த்திகை நட்சத்திரத்தைக் காட்டினார். வெறுங்கண்ணால் ஆறு எண்ணித்தான் எனக்குப் பழக்கம். தொலைநோக்கிக் குழாய்க்குள் நாற்பத்தேழு இருந்தன. கழுவித் துடைத்துவைத்த மாதிரி ஒவ்வொன்றும் தனித்தனியே நின்றது. மூச்சு விட்டால் கலைந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் "பெரிசா ஒண்டுமில்லை" என்றேன். மறுநாள் ஏழு மணிக்கே போய் நின்றேன்.

பிறகு பூசம். வெறுங்கண்ணுக்கு ஒரு துளி புகை, குழாயில் அறுபத்திரண்டு. என் மனைவி பிறந்த நட்சத்திரம் அது. அதையும் எனக்கு முதல் அவர் பார்த்துவிட்டிருந்தார். அன்றிரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்போது கொப்பு.

"உதுக்குப் பின்னாலை ஒரு கூட்டம் நிக்குது, அண்ணை. லட்சக்கணக்கிலை நட்சத்திரம். ஒமேகா சென்டோரி எண்டு பேர். கனடாவிலை என்ரை பிள்ளையின்ரை வீட்டிலை நிண்டு உதைப் பாக்கேலாது. எங்களுக்கு இஞ்சை தெரியும்."

"கொப்பிலை காய் நிக்குது."

"ஒரு கொப்புத்தானே?"

"ஓம், ஒரு கொப்புத்தான். என்ரை கொப்பு."

காய் ஒரு சாட்டு. லட்சம் நட்சத்திரத்தைத் தன் முற்றத்தில் வைத்துக்கொண்டு எனக்கு இரண்டு நிமிடம் காட்டுவார், அதற்கு நான் மரத்தைத் தறிக்க வேண்டுமா என்பதுதான் என் எரிச்சல்.

அவர் சண்டை பிடிக்கவில்லை. மறுநாள் பின்னேரம் குழாயை ஓட்டோவில் ஏற்றி, எங்கள் கோயிற் பொருளாளரையும் கூட்டிக்கொண்டு, தெற்கு வானம் வெளித்த வயற்பக்கம் போனார். என்னைக் கேட்கவில்லை. இரவு பத்தேகாலுக்குத்தான் திரும்பினார்.

வெள்ளி காலை கோயில் வாசலில் பொருளாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, பக்கத்து வீட்டிலை இருந்துகொண்டு நீங்கள் இன்னும் பாக்கேல்லையோ? சீனியைக் கொட்டின மாதிரி இருக்கு. எண்ணவே ஏலாது!"

உண்டியற் காசை இரண்டு தரம் எண்ணினால் இரண்டு கணக்குச் சொல்கிற மனிதன். அவர் சொல்கிறார், எண்ண ஏலாதாம்.

நேரே வீட்டுக்கு வந்து மரம் தறிக்கிறவருக்குப் போன் எடுத்தேன். மனைவி கேட்டாள்: "உங்களுக்குக் கொப்பிலையோ கோவம், மனுசனிலையோ?"

"ரெண்டிலையும்."

பத்து நாற்பதுக்குக் கொப்பு அடியோடு விழுந்தது. சத்தம் கேட்டுச் சகலன் சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஐயோ அண்ணை! நுனியிலை ரெண்டு முழம் போதுமே! அடியோடை ஏன் தறிச்சனீங்கள்?"

"அண்டைக்கே சொல்லியிருக்கலாம்."

"சொல்ல விட்டனீங்களே?"

அன்றிரவு பிறை இறங்கும்வரை இருவரும் காத்திருந்தோம். 8.55க்கு அவர் குழாயைத் திருப்பி, தான் பார்க்காமலே என்னை முதலில் கூப்பிட்டார். குனிந்தேன். நடுவில் அடர்ந்து, ஓரத்தில் உதிர்ந்து, குறுணி குறுணியாக ஒளி. ஓரத்திலிருந்து எண்ணத் தொடங்கினேன். எண்பத்துமூன்றில் கண் கலங்கிற்று. திரும்பத் தொடங்கினேன். நூற்றுப் பன்னிரண்டில் கூட்டம் குழாயின் வட்டத்தை விட்டு வழுவியது. குழாயை மெல்லத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். என் வயதில் இப்படி ஒன்றைப் பார்ப்பேன் என்று நினைத்ததேயில்லை. அதை ஒருவருக்கும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"அண்ணை, பத்தொன்பது நிமிசம். எனக்கும் ஒருக்கா விடுங்கோவன்."

"பொறும் தம்பி, நூற்று நாற்பதிலை நிக்கிறன்."

"உது எண்ணி முடியாது, அண்ணை."

"உமக்கு முடியாது."

அவர் சிரித்துக்கொண்டு கதிரையில் போய் இருந்தார். நாளைக்கும் நாளையண்டைக்கும் அவர் பார்ப்பார், குழாய் அவருடையது. இன்றைக்கு என் முறை.

மரம் தறித்த கூலி மூவாயிரத்து ஐந்நூறு. விழுந்த காய் அறுபத்தெட்டு, பழுத்திருந்தால் ஒன்று நூற்றைம்பதுக்குப் போயிருக்கும். ஆக மொத்தம் பதின்மூவாயிரத்து எழுநூறு ரூபா.